பலராமனின் விலா எலும்பை ஒடித்தவள்

தஸ்லீமாவுக்குப் பொறாமை எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தெரியாது. பாகூர் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியும். தொண்டைக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே. மற்றவர்களுக்கு அந்த இடத்தில் நெஞ்சு இருக்கும்.

இது பிறவியிலேயே வந்தது. வில்லியனூரில் சின்னப் பெண்ணாக இருந்தபோது அக்கா சபிஹாவுக்கு மஞ்சள் காமாலை. சபிஹாவுக்கு மட்டும் தினமும் கரும்புச்சாறு வந்தது, தலையணை இரண்டு வந்தது, அத்தா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். தஸ்லீமா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சமையல்கட்டுக்குப் போய் மஞ்சள்தூளை எடுத்துக் கண்ணில் தேய்த்துக்கொண்டு, "எனக்கும் வந்துடுச்சு" என்று வந்து நின்றாள். நின்றது ஒரு நிமிஷம்தான். அப்புறம் போட்ட அலறலில் பள்ளிவாசல் புறாவெல்லாம் பறந்ததாகச் சபிஹா இன்றைக்கும் சொல்வாள். ஆனால் அன்றைக்குக் கரும்புச்சாறு தஸ்லீமாவுக்குத்தான். கண்ணைக் கட்டிக்கொண்டே குடித்தாள்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. வீட்டில் சொன்ன காரணம் வேறு. நிஜக் காரணம், கணக்கு டீச்சர் பக்கத்து பெஞ்சுக்காரியைக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டார்.

பாகூருக்கு மருமகளாக வந்து ஃபேன்ஸி ஸ்டோரில் உட்கார்ந்தவள் அந்தக் கடையைப் பொறாமையாலேயே நடத்தினாள் என்று சொல்ல வேண்டும். வேறு கடையில் ஒரு புது மாதிரி ஹேர்பேண்டு தொங்கினால் அடுத்த வாரம் இவள் கடையில் பத்து மாதிரி தொங்கும். புருஷன் ஷேக் ஃபரீத் வேறு ரகம். கடைக்குள் யாராவது கல் எறிந்தால் அது யார் வீட்டுக் கல் என்று விசாரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார்.

எதிர்க்கடை உரக்கடை. அதில் கல்பனா. அவளைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருப்பது தஸ்லீமாவுக்கு மட்டுமல்ல, கொஞ்சம் பொறுமையான ஆளுக்கே கஷ்டம். செலியமேட்டில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். ஸ்கூட்டி வைத்திருந்தாள். பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்து மார்க்கைக் குவித்தவள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த முடி. தஸ்லீமா கடையில் இருக்கிற பெரிய கிளிப்புகூட அதில் நிற்காது. "இதவிடப் பெருசு இல்லியாக்கா?" என்று கல்பனா கேட்கும்போதெல்லாம் தஸ்லீமா, "மாட்டுக்குக் கட்டறதுதான் இருக்கும், கேட்டு வாங்கியாரவா?" என்பாள். கல்பனா சிரிப்பாள். பல்லும் வரிசையாக இருக்கும்.

இப்படி இருந்த தெருவுக்குத்தான் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது.

அனுப்பியவர் இன்னாசிமுத்து. பாகூரில் பிறந்து, பிரெஞ்சு குடியுரிமையோடு பாரீஸ் பக்கத்தில் இருக்கிறார். பல வருஷத்துக்கு முன்னால் அவருடைய அப்பா இதே தெருவில் பஸ்ஸுக்கு நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. பிரான்ஸில் கடைவீதி, ஸ்டேஷன், விளையாட்டு மைதானம் என்று பல இடத்தில் சுவரில் ஒரு பெட்டி தொங்குமாம். இதயம் தாளம் தப்பிப்போய் ஆள் சாய்ந்துவிட்டால், பெட்டியைத் திறந்து, ஒயர் வைத்த இரண்டு ஒட்டுப் பட்டைகளை மார்பில் ஒட்ட வேண்டியது. பெட்டியே பார்த்து, தேவையென்றால் ஒரு கரண்டு கொடுத்து, தாளத்தைத் திருப்பிப் பிடிக்கப் பார்க்கும். டாக்டர் வேண்டாம், நர்ஸ் வேண்டாம், யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறதாம். அப்பா நினைவாக நம் தெருவுக்கு ஒன்று என்று வாங்கி அனுப்பிவிட்டார்.

பெட்டியில் ஒரே ஒரு வில்லங்கம். அது பிரெஞ்சில் பேசியது.

திறப்பு விழாவுக்கு ஷாமியானா போட்டார்கள். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா இடுப்புக்கு மேலே மட்டும் இருக்கிற ஒரு பொம்மையோடு வந்து, நெஞ்சை எப்படி அழுத்துவது என்று காட்டினார். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மைக்குள் 'டிக்' என்று கேட்கும். ஆம்பளைகள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். முன்னால் வந்தது இரண்டே பேர். கல்பனா அழுத்தினாள், பொம்மை வாயைத் திறக்கவில்லை. தஸ்லீமா அழுத்தினாள்; டிக், டிக், டிக் என்று கடிகாரக் கடை மாதிரி பேசியது.

"சூப்பர்மா. உங்க கை அப்படியே அமைஞ்சிருக்கு" என்றார் நர்ஸம்மா. "பெட்டி பேசறது புரியலன்னாலும் பயப்படாதீங்க. மூடியில படம் போட்டிருக்கு, அதப் பாத்தே செய்யலாம். எலும்பு ஒடஞ்சாலும் நிறுத்தாதீங்க. ஒரு ஆளால ரொம்ப நேரம் முடியாது, மாத்தி மாத்தி செய்யணும்."

இதைக் கேட்டது தஸ்லீமா ஒருத்திதான். தெருவே அப்போது போண்டா தட்டைச் சுற்றி நின்றது.

வியாபாரிகள் சங்கத் தலைவர் ஹாஜா மைதீன் மைக்கைப் பிடித்தார். "இது கரண்டு சமாச்சாரம். பிரெஞ்சு தெரியாதவங்க தொட்டு, ஏடாகூடமா ஆச்சுன்னா சட்டப்படி கேஸ் ஆயிடும். அதனால நம்ம கல்பனாதான் இதுக்குப் பொறுப்பு. பெட்டி உரக்கடை செவுத்துல இருக்கும். சாவி கல்பனாகிட்ட இருக்கும்."

எந்தச் சட்டம் என்று யாரும் கேட்கவில்லை. ஹாஜா மைதீன் சாதாரணமாகச் சொன்னால் பேச்சு, மைக்கில் சொன்னால் சட்டம்.

தஸ்லீமாவின் கையில் இன்னும் பொம்மையின் சூடு இருந்தது. பொம்மைக்குச் சூடு கிடையாது. அது இவளுடைய சூடுதான்.

அதற்கப்புறம் காலையில் கடை திறந்ததும் எதிரே பார்க்க வேண்டியதாகிவிட்டது. கண்ணாடிக் கதவு போட்ட கூண்டுக்குள் பெட்டி. அதற்குப் பித்தளைப் பூட்டு. கல்பனா ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைப்பாள். துடைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பாள். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். சங்கம் அடித்த பேனரில் பெட்டி பக்கத்தில் கல்பனா படம். வெளியூர்க்காரர்கள் உரக்கடைக்கு வந்து, "இதான் அந்த ஹார்ட்டு மெஷினா? நீங்கதான் அந்த மேடமா?" என்று கேட்டுவிட்டு யூரியா வாங்கிப் போனார்கள்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்? பொம்மகூட அவள மதிக்கல" என்பாள் தஸ்லீமா.

"பிரெஞ்சு தெரியுமே" என்பார் ஃபரீத்.

"நெஞ்சு வலிக்கறவன் பிரெஞ்சுலயா கத்தறான்?"

ஒரு நாள் ஸ்டிக்கர் பொட்டு வாங்க வக்கீல் அமுதம் வந்தார். தஸ்லீமா பொட்டு அட்டைகளைப் பரப்பிவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"மேடம், அந்தப் பொட்டிய இவங்கதான் தொடணும், அவங்க தொடக்கூடாதுன்னு நம்மூருல சட்டம் இருக்குதா?"

அமுதம் பொட்டை நெற்றியில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தபடி சொன்னார். "எனக்குத் தெரிஞ்சு அந்தப் பொட்டிக்குன்னு தனியா ஒரு சட்டமும் நம்ம பக்கம் இல்ல. வெளிநாட்டுல ஊருக்கு ஊரு வெச்சிருக்காங்க. எங்க வெக்கணும், யாரு பாத்துக்கணும், காப்பாத்தப் போனவன் மேல கேஸ் போடக்கூடாது, அப்படின்னு. இங்க ரோட்டுல அடிபட்டவனுக்கு ஒதவினா ஒதவினவன தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இருக்கு. அப்புறம் பொதுவா ஒண்ணு. மயங்கிக் கெடக்கறவன்கிட்ட சம்மதம் கேக்க முடியாது இல்லியா? அவன் நல்லதுக்குன்னு நல்லெண்ணத்தோட செஞ்சது குத்தம் ஆகாது."

"அப்ப யாரு வேணா தொறக்கலாம்."

"தொறக்கலாம். பூட்டி வெக்கறதுதான் தப்பு. உயிரு போறப்ப சாவி தேடுவியா? இந்த மெரூன் எனக்கு எடுக்குதா?"

"உங்களுக்கு எதுதான் எடுக்கல" என்றாள் தஸ்லீமா. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெண்ணை மனசாரப் புகழ்ந்தாள்.

அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது ஃபரீத்திடம் சொன்னாள். "அடுத்த மீட்டிங்குல எழுந்து கேக்கப்போறேன். பொட்டி நம்ம கடைக்கு வரணும். எல்லாரு எதுருலயும் நான்தான் இதுக்கு ஆளுன்னு சொல்ல வெக்கறேன்."

"வந்தா எங்க மாட்டுவ? எடமே இல்லியே."

"வளையல் ஸ்டாண்ட எடுத்துடுவேன்."

ஃபரீத் சாப்பிடுவதை நிறுத்தினார். அந்த வளையல் ஸ்டாண்டு அவள் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த நகையை விற்று வாங்கியது. விஷயம் இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மீட்டிங்குக்கு முன்னால் பலராமன் வந்துவிட்டார்.

கரியமாணிக்கத்தில் கரும்பு போடுகிற மனுஷன். பேத்திக்குக் காது குத்து, அதற்கு வளையல் வாங்க வெயிலில் பஸ் இறங்கி வந்தார். "பாயம்மா, கொழந்த கைக்கு எடு. போன தடவ குடுத்தது எங்க வூட்டுப் பூனைக்குத்தான் சரியா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே படி ஏறினார். இரண்டாவது படியில் நின்றார். தஸ்லீமாவைப் பார்த்தார், ஆனால் பார்வை இவளிடம் வந்து சேரவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்து தெருவில் விழுந்தார்.

தஸ்லீமா ஓடிப்போய்த் தோளைத் தட்டினாள். "பெரியவரே, பெரியவரே." பதில் இல்லை. கரையில் போட்ட மீன் மாதிரி எப்போதோ ஒரு தரம் வாய் திறந்து மூடியது. அது மூச்சு இல்லை என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்.

"நூத்தியெட்டுக்குப் போடுங்க" என்று ஃபரீத்தைப் பார்த்துக் கத்தினாள்.

கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடுவதில் பாகூர் எப்போதும் வேகம். ஆனால் எல்லோரும் எதிர்க்கடையைப் பார்த்தார்களே தவிர யாரும் நகரவில்லை.

"கல்பனா எங்க?"

"வயலுக்குப் போயிருக்கு. போன் போட்டாச்சு, வந்துகினு இருக்கு."

"சாவி அதுங்கிட்டதான்."

"வரட்டும்பா, வேற யாரும் தொடக்கூடாது."

தஸ்லீமா கடைக்குள் போய் ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். "பாயம்மா, தொடாத, கேஸ் ஆயிடும்" என்று யாரோ சொன்னார்கள். அவள் கண்ணாடியில் கம்பியை வீசினாள். ஒரு அடிதான். இத்தனை மாசமாக மனசுக்குள் அடித்துப் பழகிய அடி.

பெட்டியோடு திரும்பி வந்து மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்தது. ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவசரமே இல்லாத குரல். தஸ்லீமா படத்தைப் பார்த்தாள். ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோலால் பலராமன் சட்டையைக் கிழித்தாள். ஒரு ஒட்டு வலது தோள் எலும்புக்குக் கீழே. இன்னொன்று இடது பக்கம், அக்குளுக்குக் கீழே. குரல் என்னவோ சொன்னது. தொடாதே என்று படம் சொன்னது. பட்டன் ஒன்று மினுமினுத்தது.

"எல்லாரும் தள்ளு."

அழுத்தினாள். பலராமன் ஒரு தரம் தூக்கிப் போட்டு அடங்கினார். கூட்டத்தில் ஒருத்தர் மாரியம்மனைக் கூப்பிட்டார்.

அப்புறம் மண்டி போட்டு நெஞ்சில் கை வைத்து அழுத்தத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் கைக்குக் கீழே கரும்பை முட்டியில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. யா அல்லாஹ் என்று ஒரு கணம் கை நின்றது. நிறுத்தாதீங்க என்று நர்ஸம்மா சொன்னது ஞாபகம் வந்து மறுபடி அழுத்தினாள். பொம்மை மாதிரி இல்லை இது. பொம்மைக்கு வேர்வை இல்லை, நரைத்த மயிர் இல்லை, சட்டைப் பையில் பேத்தி கை அளவுக்கு வெட்டிய நூல் இல்லை. அந்த நூல் வெளியே விழுந்து கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

கை தளர ஆரம்பித்தது. அப்போது ஸ்கூட்டி வந்து நின்றது.

கல்பனா சேற்றுக் காலோடு ஓடி வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. "அக்கா, நான் வந்துட்டேன், குடுங்க."

தஸ்லீமா கொடுக்கவில்லை. கொடுத்தால் முடிந்தது. இதுவும் கல்பனாவுடையது ஆகிவிடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினாள். அழுத்தம் ஆழம் போகவில்லை. அது அவளுக்கே தெரிந்தது. பொம்மையாக இருந்திருந்தால் இப்போது பேசாமல் கிடந்திருக்கும்.

"அது இன்னா சொல்லுது?" என்று பெட்டியைக் காட்டி மூச்சு வாங்கக் கேட்டாள்.

கல்பனா பெட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் குனிந்தாள். இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "சத்தியமா தெரியலக்கா. அஞ்சு கேள்விக்குப் பதில மனப்பாடம் பண்ணிதான் மார்க்கு வாங்கினேன்."

அந்த நேரத்திலும் தஸ்லீமாவுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. பரவட்டும், இப்போது நேரமில்லை.

"சரி, வா. என் கைக்குப் பக்கத்துல வெய்யி. மொழங்கைய மடக்காத. ஒடம்பு பாரத்தப் போடு. இன்னும் கீழ. இன்னும். அவ்ளோதான்."

கல்பனா அழுத்தினாள். தஸ்லீமா மூச்சு வாங்கிக்கொண்டாள். அப்புறம் தஸ்லீமா அழுத்தினாள். இரண்டு பேரும் மாறி மாறி, ஒரே உரலில் இரண்டு உலக்கை போட்ட மாதிரி. நடுவில் பெட்டி எதையோ சொல்லி நிறுத்தச் சொன்னது, படத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். பட்டன் மினுமினுக்கவில்லை, மறுபடி அழுத்தினார்கள். பலராமன் கையை அசைத்து முனகியபோது அழுத்திக்கொண்டிருந்தது கல்பனா. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பியதும் அப்போதுதான். எவனோ ஒருத்தன் போட்டோ எடுத்ததும் அப்போதுதான்.

அந்தப் போட்டோவில் கல்பனா முடி அவிழ்ந்து தோளில் விழ, சாமி வந்த மாதிரி இருந்தாள். தஸ்லீமாவும் இருந்தாள். அவளுடைய முக்காட்டின் முனை மட்டும், இடது ஓரத்தில்.

ஆஸ்பத்திரியில் பலராமன் பிழைத்துக்கொண்டார் என்று தகவல் வந்தபோது தஸ்லீமா கடைக்குள்ளே போய், வளையல் டப்பாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், எதிரே புது பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'உயிர் காத்த உரக்கடைத் தங்கமே.'

அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஊக்கு வாங்கினார்களோ இல்லையோ, "கல்பனாவுக்கு இன்னா தைரியம் பாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"கண்ணாடிய யாரு ஒடச்சதாம்?" என்று தஸ்லீமா ஒருத்தியைக் கேட்டாள்.

"அது கூட்டத்துல ஒடஞ்சிருக்கும்."

கல்பனா பொய் சொல்லவில்லை என்பதுதான் பெரிய கொடுமை. கேட்டவர்களிடமெல்லாம், "தஸ்லீமாக்காவும் இருந்தாங்க" என்றாள். கல்யாண வீட்டில் அண்டாவும் இருந்தது என்பது மாதிரி. தஸ்லீமா ராத்திரியில் அந்த வார்த்தையை எடுத்து எடுத்துப் பார்த்தாள். "நீயா போயி சொல்லேன்" என்றார் ஃபரீத். "நானே போயி நான்தான்னு சொன்னா, வயித்தெரிச்சல்ல சொல்றான்னு சொல்லுவாங்க" என்றாள். அது உண்மையும்கூட என்பதால் ஃபரீத் புரண்டு படுத்துக்கொண்டார்.

பலராமன் மகன் கலைவேந்தன் சென்னையில் வேலை பார்க்கிறவன். வந்து பார்த்தால், அப்பா இரும முடியாமல், சிரிக்க முடியாமல், புரண்டு படுக்க முடியாமல் கிடக்கிறார். விலா எலும்பு மூன்று உடைந்திருக்கிறது. ராத்திரியெல்லாம் அவர் முனகுவதைக் கேட்டுத் தூக்கம் போன பிள்ளைக்கு, எவனோ பக்கத்துக் கட்டில்காரன் ஓதிவிட்டான்: லைசென்ஸ் இல்லாத ஆள் மெஷினைத் தொட்டது யார் கொடுத்த அதிகாரத்தில்? கலைவேந்தன் நேராக ஸ்டேஷனுக்குப் போய், உரக்கடை கல்பனா மேல் புகார் சொல்லிவிட்டான்.

தெரு சட்டென்று அமைதியானது. பேனரைக் காணோம். ஹாஜா மைதீன் அவசரமாக நெல் கொள்முதலுக்கு விழுப்புரம் போய்விட்டார்.

ஃபரீத் வந்து சொன்னார். "கல்பனாவ ஸ்டேஷனுக்குக் கூப்ட்டிருக்காங்க. எலும்ப ஒடச்சுட்டான்னு."

தஸ்லீமா முதலில் சந்தோஷப்பட்டாள். மறைப்பானேன், நன்றாகவே சந்தோஷப்பட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, நிதானமாக ஒரு சந்தோஷம் பட்டாள். வேணும் என்றாள். பேனர்ல நின்னா கோர்ட்டுலயும் நிக்கணும் என்றாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழைய இடத்தில் எரிய ஆரம்பித்தது.

"அவ எங்கங்க ஒடச்சா?"

"இன்னாது?"

"எலும்ப. அவ வந்தப்பறம் சத்தமே கேக்கல. ஒடஞ்சது என் கையில. என் கைக்குக் கீழதான் ஒடஞ்சது. அதையும் அவ பேருல எழுதிக்குவாங்களா?"

"தஸ்லீ, அது கேஸு. நல்ல பேரு இல்ல."

"எதுவா இருந்தா இன்னா? என்னுதுதானே."

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். ஃபரீத் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்.

ஸ்டேஷனில் கல்பனா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். கலைவேந்தன் சுவர் ஓரம், தூங்காத கண்ணோடு. சப்-இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த எலும்ப ஒடச்சது நானு" என்றாள் தஸ்லீமா, வாசலிலிருந்தே.

சப்-இன்ஸ்பெக்டர் டீயைக் கீழே வைத்தார். "நீங்க யாரும்மா?"

"எதுத்தாப்புல ஃபேன்ஸி ஸ்டோரு. இவ மேல எழுதாதீங்க. இவளுக்கு அழுத்தவே வராது. பொம்மயக் கேளுங்க."

கல்பனா எழுந்துவிட்டாள். "அக்கா, நீங்க சும்மா இருங்க. சார், நான் அழுத்தறப்பவும் ஒண்ணு ஒடஞ்சுது. எனக்குக் கையில தெரிஞ்சுது."

"ஒண்ணுதான? மீதி ரெண்டு என்னுது."

"அதெப்படி நீங்க ரெண்டுன்னு சொல்லுவீங்க?"

"மொதல்ல இருந்தவளுக்குத் தெரியாதா?"

சப்-இன்ஸ்பெக்டருக்கு இத்தனை வருஷ சர்வீஸில், குற்றத்தில் பங்கு அதிகம் கேட்டுச் சண்டை போட்டவர்களைப் பார்த்ததில்லை. கலைவேந்தனைப் பார்த்துக் கேட்டார்.

"உங்கப்பா உயிரோட இருக்காரா?"

"இருக்காரு சார்."

"பேசறாரா?"

"திட்டறாரு சார். காது குத்த எதுக்குத் தள்ளி வெச்சீங்கன்னு."

"அப்ப நான் எதுல கேஸ் போட? செத்தவன எழுப்புனதுக்கு ஒரு செக்‌ஷன் இருந்தா சொல்லு. அவரு நல்லதுக்கு, அவர காப்பாத்தணும்னு நெனச்சு செஞ்சது. அது குத்தம் இல்ல தம்பி. லைசென்ஸும் தேவையில்ல. எலும்பு ஒட்டிக்கும். இவங்க நின்னு பாத்துகினு இருந்திருந்தா எது ஒட்டும்?"

கலைவேந்தன் தலையைக் குனிந்துகொண்டான். "அவரு வலில கத்தறது தாங்கல சார்" என்றான். அவன் அப்படிச் சொன்னபோது இரண்டு பெண்களும் எலும்பு எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

"சரி, நடந்தத ஒருத்தர் ஒழுங்கா சொல்லுங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

தஸ்லீமா வாயைத் திறந்தாள். அதற்குள் கல்பனா சொல்லிவிட்டாள். மெதுவாக, ஆனால் ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

"மொதல்ல ஓடுனது அவங்கதான் சார். பொட்டிய நான் பூட்டி வெச்சிருந்தேன். பூட்டுனது என் தப்பு. அவங்கதான் ஒடச்சு எடுத்தாங்க, ஒட்டுனாங்க, பட்டன அமுக்குனாங்க. நான் வர வரைக்கும் தனியா அழுத்தினாங்க. எப்படி அழுத்தணும்னு எனக்கே அங்க ஒக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. எனக்குப் பிரெஞ்சும் தெரியாது சார். ஊருல எல்லாரும் நான்னு சொன்னப்ப நல்லா இருந்துச்சு. அதான் அழுத்திச் சொல்லாம விட்டுட்டேன்."

இதைத்தான் தஸ்லீமா கேட்க நினைத்திருந்தாள். மைக்கில், ஷாமியானாவுக்குக் கீழே, போண்டாவோடு கேட்பதாகத் தினம் நினைத்திருந்தாள். கேட்டாயிற்று. கலைவேந்தன் அவள் பக்கம் திரும்பிக் கை எடுத்துக் கும்பிட்டான். சப்-இன்ஸ்பெக்டர் "வெரிகுட்மா" என்றார். நெஞ்சு நிறைந்துதான் போனது. நிறைந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை.

"இன்னா மனசு பாரேன் அந்தப் பொண்ணுக்கு" என்று வாசலில் நின்ற ஏட்டு ஃபரீத்திடம் சொன்னார். "தம்மேல தப்புன்னு ஸ்டேஷன்ல வந்து ஒத்துக்கறது லேசா?"

"ஆமாங்க, பெரிய மனசு" என்றார் ஃபரீத்.

தஸ்லீமா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். இதுவும் போச்சு. உண்மையைச் சொன்ன பெருமையும் கல்பனாவுக்கே. அதை அவள் சொல்லாமல் இருந்திருந்தாலாவது, இவள் சொல்லி இந்தப் பெயரை வாங்கியிருக்கலாம்.

வெளியே வந்து எதிர் டீக்கடையில் நின்றார்கள். ஃபரீத் மூன்று டீ சொல்லிவிட்டு, மாற்றிப் போட்ட செருப்பைச் சரிபண்ணத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். கல்பனா கிளாஸை வாங்கியவள், உடனே கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா?"

"பிடிக்க முடியலக்கா. மணிக்கட்டு இன்னும் வலிக்குது."

"எனக்கும்தான் வலிக்குது" என்றாள் தஸ்லீமா உடனே. "காட்டு."

கல்பனா இரண்டு கையையும் நீட்டினாள். இரண்டும் வீங்கியிருந்தன. முழங்கையை மடக்காதே என்று சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தெரியாத வேலையைத் தன் பலம் முழுக்கப் போட்டுச் செய்த கைகள். தஸ்லீமா தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இவளுக்கு வலது கை மட்டும்தான். அதுவும் லேசாக.

கல்பனாவின் டீயை எடுத்து இன்னொரு கிளாஸில் ஆற்றினாள். மறுபடி ஆற்றினாள். கொஞ்சம் ஆறியதும் அவள் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"மெதுவா குடி. சுடும்." கல்பனா குடித்து முடிக்கும்வரை அந்த வீங்கிய மணிக்கட்டுகளை விட்டுக் கண்ணை எடுக்க தஸ்லீமாவால் முடியவில்லை. "அவளுக்கு ரெண்டு கையும்" என்று ஒருதரம் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.